அமைதிக்கு ஒரு குடில்

இறைமக்களாகிய உங்கள் முன் ஒரு குறையை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நாமக்கல் சமவெளியிலுள்ள ஒரு பங்கில் பணியாற்றியபோது, அதன் கிளைக் கிராமம் ஒன்றில் செபக்கூடம் ஒன்றை எழுப்பினேன். அங்குள்ளோர் விசைத்தறியிலும் செங்கற்சூளையிலும் லாரிக்கூடு கட்டும் பட்டறைகளிலும் உழைக்கும் எளிய மக்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரக் கூலியை மனமுவந்து தந்தது. வேலை விரைவில் முடியவேண்டும் என்ற அவசரம் எனக்கு. சிமெண்டுக் கற்களால் சுவர் எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை மேலே வேய்ந்தோம். "ஓடு போட்டுவிடலாம் சாமி, பிள்ளைகள் உட்கார வேண்டாமா?" என்று வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் அன்று சொன்னார். நான் செவிகொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு அதே பங்கிற்கே மீண்டும் மாற்றலாகி வந்தேன். சித்திரை மாதத்து மாலை ஒன்றில் அக்கிராமத்திற்குச் சென்றபோது, செபமாலை சொல்லிக்கொண்டிருந்த தாய்மார்கள் அனைவரும் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தனர். செபக்கூடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே நாற்காலிகளும் தேர்ப்பவனிச் சாமான்களும் அடுக்கப்பட்டிருந்தன. "உள்ளே உட்கார முடியாது சாமி, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்றார் ஒரு மூதாட்டி. அவர் குறை கூறும் தொனியில் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. ஏழைகளின் ஒரு வாரக் கூலியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டேன் அன்றோ!

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகின்றது. மனிதன் உடலைத் தளர்த்தி, மூச்சைச் சீராக்கி, உள்ளத்தை ஒருமுகப்படுத்தி இறைவன் முன் அமர்வதற்கேற்ற இடத்தை, இந்த மண்ணின் பொருள்களைக் கொண்டே எவ்வாறு அமைப்பது?

யோகமும் நமது செபமும்

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். யோகப் பயிற்சி, தியானம் என்றவுடன் "இவை நமக்கு உரியவையா?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானத்தைக் குறித்து ஆயர்களுக்கு ஒரு மடல் வரைந்தது. கீழை நாட்டு முறைகளில் நல்லவற்றை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. உடலின் நிலையும் மூச்சும் செபத்திற்குத் துணையாகலாம். ஆனால் உடலில் தோன்றும் இதமான உணர்வுகளையே தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என்பதே அம்மடலின் சாரம். சுருங்கச் சொன்னால், பாய் விரிப்பது செபமன்று, செபிப்பதற்கு ஆயத்தம். நம் ஆண்டவரும் கூட்டத்தை விட்டுத் தனித்த மலைக்குச் சென்றல்லவா இரவெல்லாம் செபித்தார்? இடம் அவருக்கும் பொருட்டாகவே இருந்தது.

தரையில் அமர்ந்து வழிபடுவதும் நம் நாட்டுத் திருச்சபைக்குப் புதிதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், இந்திய ஆயர் பேரவை கேட்டுக்கொண்டபடி 1969-ஆம் ஆண்டு உரோமை இசைவளித்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுள், தரையில் அமர்வதும் கைகூப்பி வணங்குவதும் இடம்பெற்றிருந்தன.

நம் பகுதிக்கே இதில் ஒரு பழம்பெருமை உண்டு. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, துறவியாக எளிய இல்லத்தில் வாழ்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, 1623-ஆம் ஆண்டு வடக்கே பயணம் புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். இன்று நாம் பேருந்தில் கடந்து செல்லும் அதே சேந்தமங்கலந்தான்! மக்களின் மொழியில் மட்டுமன்றி, மக்கள் உட்காரும் முறையிலும் உறையும் முறையிலும் நற்செய்தி தங்கவேண்டும் என்பதை நாலு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

காவிரிக்கரையில் ஒரு சாந்திவனம்

மோகனூரைத் தாண்டிக் கீழ்நோக்கிப் பாயும் காவிரியின் தென்கரையில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கின்றது. சாந்திவனம் என்பது மக்கள் வழக்கில் அதன் பெயர். பிரான்சு நாட்டு லியோன் மறைமாவட்டக் குருவான ஜூல் மொன்ஷானின் அடிகளும், பிரிட்டனி நாட்டுக் கெர்கோனான் மடத்துப் பெனடிக்டுத் துறவி ஹென்றி லெ சோ அடிகளும் 1950-ஆம் ஆண்டு அதை நிறுவினர். பின்னவரே அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். அன்றைய திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா அவர்கள் இம்முயற்சிக்கு இடமளித்தார். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் முப்பெயரில் மூவொரு இறைவனைப் போற்றுவதே அப்பெயரின் உட்பொருள்.

அவர்கள் முதலில் அமைத்தது மாளிகையன்று. மாந்தோப்பின் நிழலில் கீற்று வேய்ந்த சிறு குடில்கள். தமிழகக் கோயில் முறையைத் தழுவிய ஓர் எளிய சிற்றாலயம். அதன் உள்ளே இருள் சூழ்ந்த ஒரு கருவறை. கண்ணைப் பறிக்கும் ஒளியைவிட, மனத்தை உள்ளிழுக்கும் இருளே ஆழ்ந்த செபத்திற்கு உகந்தது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வறிவை அத்துறவிகள் தாழ்மையோடு கற்றுக்கொண்டனர்.

மொன்ஷானின் அடிகள் 1957-இல் மறைந்தார். 1968-இல் அபிஷிக்தானந்தர் இமயத்தை நாடிச் சென்றபின், கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகள் வந்து பொறுப்பேற்றார். 1993-ஆம் ஆண்டு மே மாதம் இறக்கும்வரை அவர் ஒரு சிறு குடிலிலேயே வாழ்ந்தார். உலகின் பல நாடுகளிலிருந்தும் அவரைத் தேடி வந்தவர்கள் அக்குடிலின் வாயிலில் குனிந்தே நுழைய வேண்டியிருந்தது.

நான் குருத்துவக் கல்லூரி மாணவனாக இருந்தபோது அங்கு மூன்று நாள் தங்கினேன். மாலை வேளையில் ஆற்றுக்காற்று தோப்பின் வழியே குளிர்ந்து வந்தது. விசிறியில்லை, ஓசையில்லை. ஒரு மணி நேரம் கழிந்ததே தெரியவில்லை. அக்கட்டடங்கள் என் உடலை மறக்கச் செய்தன. நான் கட்டிய செபக்கூடமோ, அதில் அமர்பவருக்கு உடலையே நினைவூட்டிக்கொண்டிருந்தது! வேறுபாடு இவ்வளவுதான்.

ஒரு கட்டடக்கலைஞரின் சான்று

கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் பெரியாரையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சார்ந்தவர். 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, இமயத்தின் பித்தோராகர் பகுதியில் பதினாறு ஆண்டுகள் மருத்துவரான தம் துணைவியாரோடு பணிசெய்தார். வீடு கட்டுவதற்கான பொருள்கள் அருகிலேயே கிடைக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் வாழ்வை மாற்றிற்று. திருவனந்தபுரத்துப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் அவர்களின் ஊக்கத்தால் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடுகள் கட்டத் தொடங்கினார். திருவனந்தபுரத்தில் இயேசு சபையாரின் லொயோலா சிற்றாலயமும், திருவல்லாவின் புனித யோவான் பேராலயமும் அவர் வடித்தவை. அரசு 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2007-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கற்பித்த வழிகள் எளியவை. செங்கற்களைப் படுக்க வைக்காது, நடுவே வெற்றிடம் விட்டுச் செங்குத்தாக அடுக்கினால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுக்கும். சன்னலுக்கு மரமும் கண்ணாடியும் தேடாது, செங்கற்களிடையே துளைகள் விட்டுக் கட்டினால் காற்றும் மெல்லொளியும் உள்ளே வரும். மறைப்பும் உண்டு, செலவும் குறைவு.

மண் என்றால் வறுமையா?

இவற்றையெல்லாம் சிந்தித்து, பழைய கூடத்தின் அருகே மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட தியானக் குடில் ஒன்றைக் கட்டலாம் என்று பங்குப் பேரவையில் எடுத்துரைத்தேன். மக்கள் மகிழ்வர் என்று எண்ணியது தவறாயிற்று.

சூளையில் வேலைசெய்யும் ஒரு தாய் எழுந்து நின்றார். "மண் வீட்டிலிருந்து தப்பித்து வந்தவர்கள் நாங்கள், சாமி. கார்த்திகை மழையில் மண்சுவர் சரிந்துதான் என் மாமியார் செத்துப்போனார். பணக்காரர் ஆசைக்கு மண் வீடு கட்டட்டும். எங்களுக்கு மறுபடியும் மண்ணா?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. அன்று என்னால் விடையளிக்க முடியவில்லை.

அந்த அம்மையாரின் கேள்விக்கு அழகான சொற்கள் விடையாகா. அச்சுவர் ஏன் விழுந்தது என்பதைக் கண்டறிவதே முதற்கடமை. முன்னர் நான் செவிகொடுக்காத அந்தக் கொத்தனாரைத் தேடிச் சென்றேன். அவர் இப்போது கரண்டி பிடிப்பதில்லை. மகன்தான் தொழில் செய்கின்றார். "மண்சுவர் மேலே நனைந்து விழுவதைவிடக் காலில் ஊறி விழுவதுதான் அதிகம், சாமி. காலுக்குக் கல், தலைக்கு அகலமான தொப்பி. இரண்டும் இருந்தால் மண் நிற்கும். ஏழை வீட்டில் இரண்டுமே இருக்காது" என்றார். மண்ணின் குற்றமன்று, கல்லுக்கும் ஓட்டுக்கும் வழியில்லாத வறுமையின் குற்றம் அது.

குடில் அமையும் விதம்

பிற பங்குகளுக்கும் பயன்படும் என்பதால், நாங்கள் வகுத்த திட்டத்தைச் சற்று விரிவாகவே கூறுகின்றேன்.

அளவு: கை கால் நீட்டிப் பயிற்சி செய்ய ஒருவருக்கு ஏறத்தாழ 30 சதுர அடி வேண்டும். இருபது பேருக்கு 600 சதுர அடி. அதாவது 30 அடி நீளம், 20 அடி அகலம். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். குறுகிய மேற்குச் சுவரில் வாயிலோ சன்னலோ வேண்டா. பிற்பகல் வெயிலின் கொடுமை அங்கேதான். அப்பக்கம் வேம்பும் புங்கனும் நடவேண்டும். கிழக்கே வாயில் வைத்தால் காலைக் கதிரொளி உள்ளே வரும்.

அடித்தளம்: கருங்கல்லுக்கு நாமக்கல்லில் பஞ்சமில்லை, ஊரின் நடுவே நிற்பதே ஒரே பாறையன்றோ! தரைக்கு மேலும் இரண்டடி உயரம் கருங்கற்கட்டாகவே எழவேண்டும். மழைநீர் தெறித்துச் சுவரின் காலை அரிப்பதை இது தடுக்கும். கறையானும் எளிதில் ஏறாது.

சுவர்: எந்த மண்ணும் உதவாது. ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி நீரும் இட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாது வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படியும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நன்று. மிகுந்தால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். களி மிகுந்த மண்ணில் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்துப் புளிக்கவிட வேண்டும். சுவரின் கனம் ஒன்றரை அடி. ஒரு முறைக்கு ஒன்றரை அடி உயரமே எழுப்பி, அது உலர்ந்த பின்னரே அடுத்த வரிசை வைக்கவேண்டும். பொறுமையற்றவர்களுக்கு மண்வேலை ஆகாது. பகலில் இத்தகைய சுவர் ஏற்கும் வெப்பம் உட்புறத்தை எட்டுவதற்குள் பல மணி நேரம் கடந்து, இரவும் வந்துவிடும்.

உறுதியில் ஐயமுள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சுடாத கற்கள் அவை. 1989-இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம் இதில் பலருக்கும் பயிற்சியளித்து வருகின்றது. சூளையில் எரிக்கும் விறகும் கரியும் இதற்கு வேண்டா.

பூச்சு: மண்சுவரின் மேல் சிமெண்டு பூசுதல் பெருந்தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிடச் செய்யும். சங்ககிரிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் நிரம்ப உண்டு. நீற்றிய சுண்ணாம்பைக் குழியிலிட்டு ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைப்பது நம் முன்னோர் முறை.

கூரை: முற்றிய பனையின் வாரைகள், அவற்றின் மேல் ஓடு. கீற்று குளிர்ச்சியானதே, எனினும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் தீயச்சமும் உண்டு. முகட்டு உத்திரத்தைத் தாங்க நடுவே இரண்டு கல்தூண்கள். இறவாரம் நாற்புறமும் மூன்றடி வெளியே நீளவேண்டும். கொத்தனார் சொன்ன தொப்பி இதுவே! முகட்டின் கீழ்க் காற்றுவழி விட்டால், மேலெழும் வெப்பக்காற்று வெளியேறிவிடும்.

சன்னல்: பலரும் மறக்கும் செய்தி இது. நாற்காலியில் அமர்பவருக்குரிய உயரத்தில் சன்னல் வைத்தால், தரையில் அமர்பவரின் தலைக்கு மேலே காற்று ஓடிவிடும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சன்னல் தொடங்கட்டும். வடக்கும் தெற்கும் எதிரெதிரே செங்கல் துளைச்சுவர்கள் அமையட்டும்.

தரையும் நீரும்: தரை கெட்டித்த மண்ணாகவோ கல் பாவியதாகவோ இருக்கலாம், மேலே கோரைப்பாய். மண் எடுத்த குழியை மூடவேண்டா. கூரைநீரை அதில் விடலாம். இந்த அளவுள்ள கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டருக்கும் மேல் நீர் கிட்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அவற்றை உடைக்கலாகாது, அறுக்கலாகாது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. நீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்கவேண்டும். பிள்ளைகளை அருகே விடலாகாது.

குறைகளும் உண்டு

இயற்கைப் பொருள் என்றவுடன் எல்லாம் புனிதம் என்று எண்ணிவிடலாகாது. மண்சுவர் ஆண்டுதோறும் கவனிப்பைக் கேட்கும். மழைக்காலம் முடிந்ததும் பூச்சைப் பார்த்து விரிசலை அடைக்கவேண்டும். பெயர்ந்த ஓட்டை அன்றே மாற்றவேண்டும். வேலை மெதுவாகவே நடக்கும். பொருட்செலவு குறைந்தாலும் கூலி மிகும். ஆனால் அக்கூலி எங்கே செல்கின்றது? தொலைவிலுள்ள ஆலைக்குச் செல்லாது, அதே ஊரின் அடுப்புகளுக்கே திரும்புகின்றது. 2015-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்று அவர் உணர்த்துகின்றார். ஒரு சிறு குடிலைக் கட்டும்போதுகூட இது உண்மையாவதைக் கண்டேன்.

சோதனைச் சுவர்

பேரவையில் எதிர்த்துப் பேசிய அம்மையாரிடம் மீண்டும் சென்றேன். வாதாடவில்லை. "கல் அடித்தளத்தின் மேல் நான்கடிச் சுவர் ஒன்றை மட்டும் முதலில் எழுப்புவோம். ஒரு மழைக்காலம் அது நிற்கட்டும். தீர்ப்பு உங்களுடையது" என்றேன். புரட்டாசியில் அச்சுவர் எழுந்தது. தற்காலிகமாக மேலே ஓடு வேய்ந்தோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டியது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அவர் வந்து சுவரின் காலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதாகக் கொத்தனாரின் மகன் கூறினார்.

மார்கழியில் பேரவை கூடியது. அம்மையார் சொன்னது ஒன்றே: "கட்டுங்கள் சாமி. ஆனால் கல் இரண்டடி போதாது, மூன்றடி வையுங்கள்." அவ்வாறே மூன்றடி வைத்தோம். அந்த ஓரடிக் கல், இறந்துபோன ஒரு தாயின் நினைவாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கின்றேன். அதன் பொருளைச் சூளையில் உழைக்கும் ஒரு பெண்மணியிடந்தான் கற்றேன்.

இதை எழுதும்போது சுவர்கள் சன்னல் உயரத்தைத் தாண்டியுள்ளன. கூரை இன்னும் ஏறவில்லை. சித்திரை வெயிலுக்கு முன் வேலை முடியுமா என்பது ஐயமே. இம்முறை நான் அவசரப்படப் போவதில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் பங்கில் புதுக்கூடம் கட்டும் பேச்சு எழும்போது, எவ்வளவு விரைவில் முடியும் என்று கேட்பதற்கு முன், பங்குனி மாதத்துப் பிற்பகலில் ஒரு மூதாட்டி அதில் ஒரு மணி நேரம் அமைதியாக அமர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலும் காற்று வரும் ஒரு மூலையைத் தேர்ந்து, ஒரு பாய் விரித்து, நாள்தோறும் கால்மணி நேரம் குடும்பமாக மௌனத்தில் அமருங்கள். மண்ணால் நம்மை உருவாக்கியவர், மண்ணின் நடுவே நம்மைச் சந்திக்கக் காத்திருக்கின்றார்.